அளக்கும் கைக்கு அளவு பார்ப்பது யார்?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்)



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவையினர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டபோது, "நீ ஏதாவது கவிதை எழுதேண்டா" என்றார்கள் நண்பர்கள். கவிதைக்கு நம் கல்லூரியில் பஞ்சமே இல்லை. இந்த மலரைப் புரட்டினாலே தெரியும். நான் எழுத நினைப்பது ஒரு சின்னக் குண்டைப் பற்றி. ஆறு மில்லிமீட்டர், சில நேரம் மூன்று மில்லிமீட்டர் விட்டம்தான் இருக்கும். பல லட்சம் ரூபாய் பெறும் ஒரு அளக்கும் கருவியின் நுனியில் அது உட்கார்ந்திருக்கும். அதை நாம் பேனா ரீஃபில் மாதிரி கழற்றி மாட்டுகிறோம். அது தவறு என்பது என் கருத்து. அந்தத் தவறை நானே செய்தேன். அதற்குக் கூலி கொடுத்தது வேறொருவர்.

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் கொத்தனார். கையெழுத்துப் போடுவார், பேப்பரில் தலைப்பு மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆனால் அவர் புது ரசமட்டம் வாங்கும் அழகைப் பார்க்க வேண்டுமே! கடையில் கண்ணாடி மேசை மேல் வைத்துக் குமிழ் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்ப்பார். பிறகு அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைப்பார். முதலில் வாசல் பக்கம் ஒதுங்கிய குமிழ் இப்போதும் வாசல் பக்கமே ஒதுங்கினால் மேசைதான் கோணல், மட்டம் நல்ல மட்டம். குமிழ் எதிர்ப்பக்கம் போனால் மட்டம் பொய். கடைக்காரர் முகம் சுளிப்பார். அப்பா கவலைப்பட மாட்டார். "எடுத்ததும் நம்பிடக் கூடாதுடா, திருப்பி வெச்சிப் பாக்கணும்" என்பார். மூலைமட்டத்தையும் அப்படித்தான், ஒரு கோடு போட்டுக் கவிழ்த்து இன்னொரு கோடு போட்டு, இரண்டும் ஒன்றாக விழுகிறதா என்று பார்ப்பார்.

அவருடைய கணக்கு அடி, அங்குலம், நூல். எட்டு நூல் ஒரு அங்குலம். ஆக ஒரு நூல் என்பது 3.175 மில்லிமீட்டர். நான் படிக்கும் பாடத்தில் அந்த ஒரு நூலுக்குள்ளே 3175 மைக்ரான் இருக்கிறது! நானும் கொஞ்ச நாள் அதை நினைத்துத் தலைகனம் பிடித்துத் திரிந்தேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். சி.எம்.எம். என்று நாம் படிக்கும் அளவை இயந்திரம் கருங்கல் மேசையோடு ஒரே இடத்தில் நிற்கும். பொருளை அதனிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். போர்ட்டபிள் ஆர்ம் அப்படியல்ல. பொருள் இருக்கும் இடத்துக்கு அதுவே வரும். நம் தோள், முழங்கை, மணிக்கட்டு போல ஆறு அல்லது ஏழு மூட்டுகள். நடுவில் பெரும்பாலும் கார்பன் ஃபைபர் குழாய்கள். ஒவ்வொரு மூட்டிலும் கோணம் படிக்கும் என்கோடர். கோணங்களையும் குழாய் நீளங்களையும் வைத்து, கடைசி மூட்டு எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுவிடும். இந்த இடத்தைக் கவனியுங்கள், தோழர்களே. கடைசி மூட்டு வரைதான் அதற்குச் சொந்த அறிவு. அங்கிருந்து நுனிக் குண்டின் மையம் எவ்வளவு தள்ளி, எந்தத் திசையில் இருக்கிறது, குண்டின் விட்டம் என்ன என்பதையெல்லாம் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இப்படிச் சொல்லிக்கொடுப்பதன் பெயர்தான் ப்ரோப் கேலிப்ரேஷன். தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் மூன்று தசம இடத்தோடு தப்பாகவே பதில் சொல்லும், கொஞ்சமும் கூச்சப்படாது.

ஒரு சுவையான செய்தி. 1970களில் அமெரிக்காவில் ஹோமர் ஈட்டன் என்பவர் இத்தகைய கையை உருவாக்கியது வளைத்த குழாய்களை அளப்பதற்காக. இங்கிலாந்தில் டேவிட் மெக்மர்ட்ரி தொட்டவுடன் சிக்னல் தரும் ப்ரோபை 1972ல் கண்டுபிடித்ததும் குழாய்க்காகவே. கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினில் வரும் எரிபொருள் குழாய்களை அளக்க வேறு வழி இருக்கவில்லை. அடுத்த ஆண்டே ரெனிஷா கம்பெனி பிறந்தது. ரோமர் என்று பெயர் பெற்ற கைகளோ பிரான்சில் மோந்த்வார் என்ற சிற்றூரில் தயாராயின. (பிரான்ஸ் என்றதும் நம்மூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார்வீர்கள் என்று தெரியும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.)

எந்த ப்ரோபை மாட்டுவது? "இருக்கிறதை மாட்டு" என்பதுதான் நடைமுறை. புத்தகமோ, காம்பு முடிந்தவரை குட்டையாக, தடிமனாக இருக்கட்டும், குண்டு முடிந்தவரை பெரிதாக இருக்கட்டும், நடுவில் அடாப்டர் மேல் அடாப்டர் வேண்டாம் என்கிறது. ஏன் என்று நான் ஒருநாள் இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் கான்டிலீவர் பீம் படித்தோமே, ப்ரோப் காம்பும் அதுதான். ஒரு முனை இறுகியிருக்கிறது, மறு முனையில் பளு. 2 மில்லிமீட்டர் தடிமன், 50 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுக் காம்பின் நுனியில் ஒரு நியூட்டன் விசை, அதாவது ஏறக்குறைய நூறு கிராம் எடை அழுத்தினால், அது 0.27 மில்லிமீட்டர் வளைகிறது! நான் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மூன்று தடவை போட்டேன், அதே விடைதான். நீளத்தைப் பாதியாக்கி 25 ஆக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகி 0.03க்கு வந்துவிடுகிறது. நீளத்தின் மூன்றாம் அடுக்கு என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோமே, அதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. 50 மில்லிமீட்டர் இருந்தே தீர வேண்டும் என்றால் டங்ஸ்டன் கார்பைடு காம்பு வாங்கலாம். எஃகைப் போல மூன்று மடங்கு விறைப்பு, வளைவு 0.09 ஆகும். கையில் பிடித்து அளக்கும் கருவி இது என்பதை மறக்கக் கூடாது. உங்கள் அழுத்தம் ஒரு மாதிரி, என் அழுத்தம் ஒரு மாதிரி, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு மாதிரி. துளைக்குள் நாலாபுறமும் அழுத்தித் தொட்டால் காம்பு நாலாபுறமும் வளைந்து துளையைப் பெரிதாகக் காட்டும். மையம் மட்டும் ஓரளவு சரியாக வரும்.

குண்டின் பொருளும் முக்கியம். செயற்கை மாணிக்கக் கல் பல வேலைக்கும் நல்லதே. அலுமினியத்தின் மேல் இழுத்து இழுத்து ஸ்கேன் செய்தால் அலுமினியம் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். அதற்குச் சிலிக்கான் நைட்ரைடு. வார்ப்பிரும்பின் மேல் இழுத்தால் தேயும், அதற்குச் சிர்கோனியா. சொரசொரப்பான வார்ப்புக்குப் பெரிய குண்டு வேண்டும், சின்னது பள்ளத்துக்குள் இறங்கிவிடும்.

கேலிப்ரேஷன் செய்யும் முறை கடினமே அல்ல. கூம்புக் குழியிலோ, மூன்று குண்டுகளுக்கு நடுவிலோ நுனியை உட்கார வைத்து, நுனி அசையாமல் கையை மட்டும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் சாய்த்து, மணிக்கட்டைச் சுழற்றிப் புள்ளிகள் எடுப்பது ஒன்று. அல்லது விட்டம் தெரிந்த மேற்கோள் குண்டைப் பல பக்கமும் தொடுவது. நுனி ஒரே இடத்தில் இருக்கிறது, கை மட்டும் திரும்புகிறது. ஆகவே எல்லா விடையும் ஒரே புள்ளியாக வர வேண்டும். வராமல் சிதறுவதுதான் பிழை. யோசித்துப் பார்த்தால் இது அப்பா ரசமட்டத்தைத் திருப்பி வைப்பதேதான்! அமெரிக்காவின் 2004ஆம் ஆண்டு ஏ.எஸ்.எம்.இ. தரநிர்ணயமும், 2016ல் வந்த ஐ.எஸ்.ஓ. 10360, பகுதி 12ம் இந்தச் சோதனையைக் கேட்கின்றன. அதோடு இன்னொன்று. கை வாங்கும்போது வரும் சான்றிதழில் உள்ள எண், சோதனையன்று மாட்டியிருந்த ப்ரோபோடு சேர்ந்த எண். நீங்கள் நாளைக்கு மாட்டும் ப்ரோபுக்கு அது பேசாது.

மேற்கோள் குண்டின் விட்டத்தைக் கம்ப்யூட்டரில் தட்டும்போது 0.1 கூட்டித் தட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். அதன் பிறகு அச்சின் வெளி விட்டமெல்லாம் 0.1 கூடுதலாகவும், துளையின் உள் விட்டமெல்லாம் 0.1 குறைவாகவும் காட்டும். அச்சும் நன்றாக இருக்கும், துளையும் நன்றாக இருக்கும், "ரெண்டும் சேராது, ரிஜெக்ட்" என்று ரிப்போர்ட் போகும். அதே குண்டில் திரும்பச் சோதித்தால் சரியாகவே காட்டும் என்பதுதான் வேடிக்கை. அதனால்தான் சோதனைக்கு வேறொரு பொருள், ரிங் கேஜ் மாதிரி, தனியாக வேண்டும். நம்மூர்க் கடல் காற்றில் எஃகுக் குண்டு துருப்பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பநிலையைச் சொல்லவே வேண்டாம். அளவுகளுக்கு 20 டிகிரி என்று 1931லேயே உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. 35 டிகிரி ஷெட்டில் அரை மீட்டர் எஃகு 0.086 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். அலுமினியம் அதைப் போல இரண்டு மடங்கு.

இவ்வளவும் தெரிந்த நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். அன்றைக்கு இவ்வளவும் தெரியாது என்பது ஒரு சாக்கு. தெரிந்த கொஞ்சத்தையும் செய்யவில்லை என்பது உண்மை.

தொழிற்பயிற்சிக்குச் சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். தகடு வளைத்து வெல்டிங் செய்து, ஜிக்கில் வைத்துத் துளை போட்ட பிராக்கெட்டுகள். இரண்டு துளைகளுக்கு நடுவே 320 மில்லிமீட்டர், கூட்டல் கழித்தல் 0.2. துளை சின்னது என்பதால் 6 மில்லிமீட்டர் குண்டு உள்ளே போகவில்லை. "தம்பி, மூணு எம்.எம். மாட்டு" என்றார்கள். மாட்டினேன். கம்ப்யூட்டரில் 3 மில்லிமீட்டர் ப்ரோப் என்று ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது, பக்கத்தில் பல மாதத்துக்கு முந்தைய தேதி. கேலிப்ரேஷன் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். வெளியே வண்டி நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பழைய பெயரையே கிளிக் செய்துவிட்டேன்.

இடப்பக்கத் துளையை நேராகத் தொட்டேன். வலப்பக்கத் துளைக்கு வெல்டிங் இடித்ததால், மறுபக்கம் போய் மணிக்கட்டைத் தலைகீழாகத் திருப்பித் தொட்டேன். 320.31 என்று வந்தது. அடுத்ததும் அப்படியே. நாற்பது பிராக்கெட்டும் ரிஜெக்ட். சூப்பர்வைசர் நேரே டிரில்லிங் மெஷினுக்குப் போனார். ஜிக்கில் சரியாக உட்கார வைக்கவில்லை என்று அங்கே நின்ற அக்காவைப் பிடித்துக்கொண்டார். காண்டிராக்டில் வேலை செய்பவர், வானூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர். "நான் ஒழுங்காத்தான் சார் வெச்சேன்" என்று இரண்டு தடவை சொன்னார். கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். அதற்கு மேல் அவர் என்ன பேச முடியும்? அரை நாள் சம்பளம் போயிற்று.

மறுநாள் காலை தரக்கட்டுப்பாட்டு அதிகாரி சந்தேகப்பட்டு, ஒரே துளையை இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் தொட்டுப் பார்த்தார். 0.22 வித்தியாசம்! ப்ரோப் காம்பு எப்போதோ கீழே விழுந்து லேசாக வளைந்திருக்கிறது. நுனியின் மையம் 0.11 தள்ளிப் போயிருக்கிறது. மணிக்கட்டை ஒரே மாதிரி பிடித்து இரண்டு துளையையும் தொட்டிருந்தால் இரண்டிலும் ஒரே பிழை சேர்ந்து, தூரத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. திருப்பிப் பிடித்ததால் பிழை இரண்டு மடங்காகி வெளியே வந்தது. கேலிப்ரேஷன் செய்து மறுபடி அளந்தால் 320.09. நாற்பதும் நல்ல பிராக்கெட்.

நான் வாயைத் திறக்கவில்லை. அன்று முழுக்கத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாள்தான், "நான் கேலிப்ரேஷன் பண்ணல சார்" என்று அதிகாரியிடம் சொன்னேன். "சரி, இனிமே பண்ணு" என்றார், அவ்வளவுதான். அரை நாள் சம்பளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சாயந்திரம் பஸ் ஸ்டாப்பில் அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "அதுக்கென்ன தம்பி, நீ படிக்கிற புள்ள" என்றார். திட்டியிருந்தால் தேவலாம். படிக்கிற பிள்ளை தப்பாக அளந்தால் அது "இனிமே பண்ணு", படிக்காதவர் சரியாகச் செய்தாலும் அது அரை நாள் சம்பளம். என் அப்பாவும் இதே மாதிரி எத்தனை இஞ்சினியர்களிடம் பேச்சு வாங்கியிருப்பார் என்று அன்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன்.

பிரெஞ்சுக் கதைக்கு வருகிறேன் என்றேனல்லவா? 1954 நவம்பர் 1 வரை நம்மூரை ஆண்ட பிரான்ஸ்தான் மீட்டரைப் பெற்ற நாடு. வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்று வைத்து, அதைக் கண்டுபிடிக்க 1792ல் தெலாம்பர், மெஷேன் என்ற இரண்டு வானியலாளர்கள் டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை அளக்கப் புறப்பட்டார்கள். பார்சிலோனாவில் பக்கத்துப் பக்கத்து இரண்டு இடங்களில் மெஷேன் எடுத்த அட்சரேகைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மூன்று விநாடிக் கோணம் இடித்தது. தன் மேல்தான் தப்பு என்று எண்ணி, வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டார். 1799ல் பிளாட்டினக் கோலாக மீட்டர் வந்தது. 1804ல் அவர் இறந்த பிறகே அவருடைய காகிதங்களில் தெலாம்பர் அதைக் கண்டார். அந்த மீட்டர் உண்மையில் நினைத்ததைவிட ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் குட்டை. அதற்குப் பெரிய காரணம் மெஷேன் அல்ல, பூமியின் சப்பை வடிவத்தைச் சரியாக அறியாததுதான். ஆனாலும் பாவம், அந்த மனிதர் பத்துப் பதினோரு வருடம் அதைச் சுமந்திருக்கிறார். எனக்கு இரண்டு நாளே தாங்கவில்லை.

இப்போது நம் ஆய்வகத்துக்கு வருவோம். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆசிரியப் பெருமக்களும் மன்னிக்க வேண்டும். நம் மெட்ராலஜி ரெக்கார்டு நோட்டுகளில் சுழிப்பிழை என்ற இடத்தில் எல்லோரும் என்ன எழுதியிருக்கிறோம்? "இல்லை". ஒருவர் விடாமல் "இல்லை". வெர்னியரைக் கையில் எடுப்பதற்கு முன்பே சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதிய "இல்லை" அது. இந்தப் பழக்கத்தோடுதான் நாம் கம்பெனிக்குப் போய்ப் பழைய தேதியைக் கிளிக் செய்கிறோம். "நம்ம லேபில் ஆர்மே கிடையாது, வாங்க லட்சக்கணக்கில் ஆகும், பிறகெப்படிக் கற்றுத்தருவது" என்று கேட்கலாம். ஆர்ம் தேவையில்லை. ஹைட் கேஜில் லீவர் டயலை மாட்டி ஒரு காடியின் மேல் சுவரையும் கீழ்ச் சுவரையும் தொட்டால், டயல் நுனிக் குண்டின் விட்டம் தெரியாமல் காடியின் அகலம் கிடைக்காது. ஸ்லிப் கேஜ்களை இரண்டு பக்கமும் வைத்து, அகலம் தெரிந்த ஒரு இடைவெளி செய்து, அதைத் தொட்டு நுனியின் விட்டத்தைக் கண்டுபிடிக்கலாம். காடியை அதன் பிறகே அளக்க வேண்டும். ப்ரோப் கேலிப்ரேஷனின் பாதிப் பாடம் இதிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்கு ஒரு நல்ல பேரிங் குண்டு போதும். அதில் உருண்டைப் பிசகு ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருக்கும்.

கம்பெனிகளுக்கும் ஒன்று சொல்ல ஆசை, ஒரு மாணவன் சொல்லி யார் கேட்பார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். ஒருவர் வேலையை ரிஜெக்ட் செய்வதற்கு முன்னால், அவர் கண்ணெதிரே அதே துளையை மணிக்கட்டைத் திருப்பி இன்னொரு முறை தொட்டுக் காட்டுங்கள். ப்ரோப் எப்போது கேலிப்ரேட் ஆனது, யார் செய்தார்கள் என்பதை ரிப்போர்ட்டின் முதல் வரியில் போடுங்கள், கையெழுத்தோடு. அன்று அந்த வரி இருந்திருந்தால் என் பெயர்தான் அங்கே இருந்திருக்கும், சூப்பர்வைசர் என்னிடம்தான் வந்திருப்பார். ஐந்து நிமிடம் வீண் என்பவர்கள், நாற்பது பிராக்கெட்டை மறுபடி அளக்க அன்று காலை எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டால் நான் சொல்கிறேன்: மத்தியானச் சாப்பாடு வரை.

பேரவைக்கு ஒரு விண்ணப்பம். மலர் விளம்பரத்தில் மிஞ்சும் பணத்தில் வழக்கமாக பேட்மின்டன் வலை வாங்குவோம். இந்த வருடம் ஒரு மேற்கோள் குண்டும், அதற்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழும் வாங்கலாம்; துருப்பிடிக்காத பீங்கான் குண்டாகவே வாங்கலாம். பெங்களூரில் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் 1962லிருந்து இருக்கிறது, கோடை விடுமுறையில் மெட்ராலஜி லேபைப் பார்க்க அனுமதி கேட்டு முதல்வர் அவர்கள் மூலம் கடிதம் போடலாம். செயலாளர் இதைப் படித்தால் அடுத்த கூட்டத்தில் என்னைக் கூப்பிடுங்கள். குண்டு வந்து சேரும் வரைக்கும் என்னிடம் ஒரு பேரிங் குண்டு இருக்கிறது. நெல்லித்தோப்பில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கினேன், காசு வாங்கிக்கொள்ளவில்லை. அதை எண்ணெய்த் துணியில் சுற்றி அப்பாவின் கரணைப் பைக்குள் வைத்திருக்கிறேன். வீட்டில் துருப்பிடிக்காத இடம் அது ஒன்றுதான்.